நூற்றுக்குப் பத்து வெட்டிய மெசின்: களுவாஞ்சிகுடிப் பக்கக் கடையொன்றின் அட்டைக் கணக்கு

பின்னணி

மட்டக்களப்பு–கல்முனை வீதியில், களுவாஞ்சிகுடியை அண்டிய ஒரு பலசரக்குக் கடை. சாமானை வாடிக்கையாளரே தட்டிலிருந்து எடுத்து வந்து பில் போடும் அமைப்பு. இரண்டு காசுமேசைகள். மூன்று பெண்பிள்ளைகள் முறைவைத்து இருப்பார்கள். கணக்கைக் கடைக்காரரின் மருமகன், அதாவது தங்கையின் மகன், பார்க்கிறார். நாள் விற்பனை சராசரி 120,000 ரூபா.

வாடிக்கையாளர் இரண்டு வகை. வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் ஆதார வைத்தியசாலை, பிரதேச செயலகம், பாடசாலைகள் என்று மாதச் சம்பளக்காரர் நிறைய. 10ஆம் திகதி ஓய்வூதியம், 20ஆம் திகதி ஆசிரியர் சம்பளம், 25ஆம் திகதி மற்ற அரச ஊழியர் சம்பளம் என்று கடையின் மாதமே அந்த மூன்று நாட்களைச் சுற்றித்தான் ஓடுகிறது. மற்றவர்கள் பட்டிருப்புப் பாலத்தால் வெல்லாவெளிப் பக்கத்தில் இருந்தும், குருமண்வெளித் துறையில் படகேறி மண்டூர்ப் பக்கத்தில் இருந்தும் வரும், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை ஆட்கள். பெரும்போக வேளாண்மை வெட்டி நெல் விற்கும் வரை இவர்களின் கணக்குக் கடன் கொப்பியில் இருக்கும்.

மின்னணுக் கொடுப்பனவு இந்தக் கடைக்கு வந்தபோது நாட்டில் அது புதிதல்ல. ஒரு வங்கியில் இருந்து இன்னொரு வங்கிக்கு உடனே காசு அனுப்பும் சிஇஎஃப்டிஎஸ் முறை 2015 முதல் ஓடுகிறது. கியூஆர் குறியீட்டுக்கான தேசியத் தரத்தை மத்திய வங்கி 2018இல் வகுத்து, லங்கா கியூஆர் என்று பெயரிட்டது. ஆனால் கிராமத்து மனிதர் கியூஆர் என்ற சதுரத்தைக் கையில் பிடித்துப் பழகியது கடையில் அல்ல, எரிபொருள் வரிசையில். 2022 ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்கு வந்த கியூஆர் அட்டையில் காசு செலுத்த முடியாது; ஆனாலும் போனை நீட்டினால் மெசின் வாசிக்கும் என்ற நம்பிக்கையை அதுதான் ஊன்றியது. எந்த வங்கியின் விளம்பரமும் அவ்வளவு செய்யவில்லை.

கடைக்காரர் வங்கி அட்டை வாசிக்கும் இயந்திரம் கேட்டது சில்லறைத் தட்டுப்பாட்டால். சம்பள நாட்களில் ஏ.ரி.எம். 5,000 ரூபாத் தாளாகவே தள்ளும். 640 ரூபாய்ச் சாமானுக்கு 5,000 நீட்டினால் மிச்சம் கொடுக்கக் காலை பத்து மணிக்கே பெட்டியில் நூறு ரூபாத் தாள் தீர்ந்துவிடும். மிச்சத்துக்குப் பதில் டொபி கொடுத்துக் கொடுத்து வாடிக்கையாளரின் முகம் சுளிப்பதைப் பார்த்துத்தான் அவர் வங்கிக்குப் போனார்.

இயந்திரம் வந்த விதம்

2024 பெப்ரவரியில் வங்கியொன்று சிம் போட்ட கையடக்க இயந்திரம் ஒன்றும், மேசையில் ஒட்டும் கியூஆர் ஸ்டிக்கர் ஒன்றும் கொடுத்தது. அட்டைக்குக் கட்டணம் 2.5 சதவீதம், கியூஆருக்கு அதைவிடக் குறைவு. அன்றன்று நாள்முடிப்புச் செய்த தொகை அடுத்த வேலை நாளில் கணக்கில் விழும். கொண்டுவந்தவர் அட்டையைச் செருகுவது, தொட்டுச் செலுத்துவது, இரகசிய இலக்கம் அழுத்துவது, கடதாசிச் சுருள் மாற்றுவது ஆகியவற்றைக் காட்டினார். இருபது நிமிட வேலை. செட்டில்மென்ட் என்று எல்லோரும் சொல்லும் நாள்முடிப்பைப் பற்றி, "அது இரவு பதினொரு மணிக்குத் தானாகவே போகும்" என்று ஒரு வரி சொன்னார்.

அந்த ஒரு வரியில்தான் பிழை தொடங்கியது. கடை இரவு ஒன்பது மணிக்கு மூடும். மூடும்போது, மின்ஒழுக்குக்கும் இடிமின்னலுக்கும் பயந்து, குளிர்சாதனப் பெட்டியின் இணைப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிரதான ஆளியில் அணைப்பது பல வருட வழக்கம். இயந்திரத்தையும் அணைத்து லாச்சிக்குள் வைப்பார்கள். பதினொரு மணிக்கு விழித்திருக்க வேண்டிய இயந்திரம் ஒருநாளும் விழித்திருக்கவில்லை.

கடையில் அடிக்கும் ஒவ்வொரு அட்டையும் இரண்டு கட்டமாகப் போகிறது. முதற்கட்டத்தில் வாடிக்கையாளரின் வங்கி தொகையை அனுமதித்து ஒதுக்கி வைக்கிறது. வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தியும் போகிறது. காசு இன்னும் கடைக்கு வரவில்லை. நாள்முடிப்பு அழுத்தும்போதுதான் இயந்திரம் தன் நினைவில் உள்ள அன்றைய கட்டை, பேட்ச் என்பார்கள், கடையின் வங்கிக்கு அனுப்புகிறது. அதன் மேல்தான் காசு நகரும். கட்டு அனுப்பப்படாமல் நாட்கள் போனால் ஒதுக்கிய தொகை காலாவதியாகி வாடிக்கையாளரின் கணக்குக்கே திரும்பிவிடும். அவருக்கும் அது தெரியாது. சாமானும் அவரிடம், காசும் அவரிடம்.

முதல் அடையாளம்

2024 மே 27, திங்கட்கிழமை, சோப்பும் பால்மாவும் தரும் விநியோகத்தருக்கு எழுதிய 148,000 ரூபாய்க் காசோலை திரும்பியது. கடைக்காரர் 20ஆம் திகதிச் சம்பளத்தின் பின் மூன்று நாட்கள் அட்டையில் வந்த காசை நம்பி எழுதியிருந்தார். ஆனால் 23ஆம் திகதி வெசாக், மறுநாளும் வங்கி விடுமுறை, அடுத்தவை சனி, ஞாயிறு. 22ஆம் திகதி புதன்கிழமைக் கட்டு திங்கள் பிற்பகல்தான் கணக்கில் விழுந்தது; காசோலை அன்று காலையே கணக்கைத் தட்டியிருந்தது.

அதைத் தனியாகப் பார்த்தால் நாட்காட்டிப் பிழை மட்டுமே. அதற்காக வங்கிக் கூற்றை எடுத்துப் பார்த்தபோதுதான் பெரியது தெரிந்தது. மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதத்தில் காசாளர்கள் 'காட்' என்று கொப்பியில் எழுதிய தொகை 1,840,000 ரூபா. வங்கியில் விழுந்தது 1,654,575 ரூபா. இடைவெளி 185,425 ரூபா.

"ரெண்டரை எண்டு சொல்லிப்போட்டு நூற்றுக்குப் பத்து வெட்டுறானுகள்" என்றார் கடைக்காரர். கணக்கும் ஏறக்குறைய அப்படித்தான் காட்டியது. இயந்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது, இல்லாவிட்டால் அட்டைக்காரருக்கு நூற்றுக்கு மூன்று கூட்டிப் பில் போடுவது என்று அன்றே முடிவாகியிருந்தது. பல ஊர்களில் அட்டை இயந்திரம் லாச்சிக்குள் தூசி படிவதும், "மெசின் வேல செய்யல்ல" என்ற வாசகம் நிரந்தரமாவதும் இந்த இடத்தில்தான். மருமகன் இரண்டு வாரத் தவணை கேட்டார்.

இடைவெளியைப் பிரித்தது

அவர் மூன்றைப் பக்கத்தில் பக்கமாக வைத்தார்: பில் கணினியின் நாள் அறிக்கை, இயந்திரம் அச்சிட்ட நாள்முடிப்புச் சீட்டுகள், வங்கிக் கூற்று. நாள்முடிப்புச் சீட்டில் கட்டு இலக்கம் வரிசையாக ஏறும். வங்கிக் கூற்றில் ஒவ்வொரு வரவையும் ஒரு கட்டு இலக்கத்தோடு பொருத்தினால் எது விடுபட்டது என்று தெரியும். வங்கி கட்டணத்தைக் கழித்த பின்பே வரவு வைப்பதால், சீட்டுத் தொகையை 0.975ஆல் பெருக்கித்தான் தேட வேண்டும்; முழுத் தொகையைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. முதல் நாள் முழுதும் அப்படித்தான் வீணானது.

இடைவெளியில் பாதிக்கு மேற்பட்டது, 96,400 ரூபா, ஒரே இடத்தில் இருந்தது. சாதாரண நாட்களில் காலையில் வரும் பிள்ளை, யாரோ சொல்லிக் கொடுத்த பழக்கத்தில், முந்திய நாள் கட்டை முடித்துவிடுவாள். நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒட்டி வந்த வாரத்தில், ஏப்ரல் 6 முதல் 11 வரை, அவள் விடுப்பில். ஆறு நாள் கட்டு இயந்திரத்துக்குள்ளேயே கிடந்தது. 12ஆம் திகதி காலை சார்ஜர் முனை உடைந்து இயந்திரம் எழும்பவில்லை. 16ஆம் திகதி வங்கியின் ஆள் வந்து புதியதைக் கொடுத்துப் பழையதைக் கொண்டுபோனார். பழையதற்குள் முடிக்காத கட்டு இருக்கிறதா என்று அவரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

அடுத்தது 31,750 ரூபா, ஒன்பது கொடுப்பனவுகள். இயந்திரத்தை முதலில் வைத்த மேசை பின்சுவரோரம், தகரக் கூரையின் கீழ், இரண்டு குளிர்பெட்டிகளுக்கு நடுவில். அலைவரிசை அங்கே ஒரு கோடு. இயந்திரம் கேட்கும், வங்கி அனுமதிக்கும், அந்தப் பதில் திரும்பி வரும் வழியில் தொலையும். இயந்திரம் 'தொடர்புப் பிழை' என்று அச்சிடும். வாடிக்கையாளரின் போனிலோ காசு கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்துவிடும். "தங்கச்சி, எனக்கு மெசேஜ் வந்திட்டு, இஞ்ச பாருங்க" என்று அவர் காட்டுவார். பொய்யில்லை, அவருக்கு உண்மையிலேயே வந்திருக்கிறது. ஆனால் பதில் கிடைக்காத இயந்திரம் அடுத்த முறை தொடர்பு எடுக்கும்போது முதல் வேலையாக அந்தக் கொடுப்பனவை ரத்துச் செய்யச் சொல்லி வங்கிக்கு அனுப்பும். காசு திரும்பிப் போய்விடும். ஒன்பதில் நான்கில் (12,900 ரூபா) காசாளர் மறுபடி அடித்து, அது சரிவந்து, கொப்பியில் இரண்டு தரம் எழுதியிருந்தார்; நட்டமில்லை, எழுத்துப் பிழை. ஐந்தில் (18,850 ரூபா) குறுஞ்செய்தியை நம்பிச் சாமான் போயிருந்தது.

மூன்றாவது 14,850 ரூபா, பிழையாக அடித்து அதே நாளில் 'வொய்ட்', அதாவது ரத்து, செய்தவை. இயந்திரம் கழித்துவிட்டது, கொப்பியில் கழிக்கவில்லை. இதிலும் நட்டமில்லை. மிஞ்சிய 42,425 ரூபாதான் வங்கியின் கட்டணம்: உண்மையில் முடிந்த 1,697,000 ரூபாயில் சரியாக 2.5 சதவீதம். ஒரு சதமும் கூட வெட்டவில்லை.

கியூஆரில் நடந்தது

அட்டைக் கணக்கைப் பார்த்தபோது கியூஆர் கணக்கும் வெளியே வந்தது. மூன்று மாதத்தில் காசாளர்கள் எழுதியது 312,600 ரூபா. வங்கியின் அறிவித்தல்களோடு பொருந்தியது 289,150 ரூபா. குறைவு 23,450 ரூபா.

காரணம் ஸ்டிக்கரில் இல்லை, அறிவித்தல் போன போனில். 'காசு வந்தது' என்ற அறிவித்தல் கடைக்காரரின் சொந்த இலக்கத்துக்கு மட்டும் போனது. அவர் கல்முனைக்குச் சாமான் எடுக்கப் போயிருப்பார், இல்லாவிட்டால் வயலில் இருப்பார். மேசையில் இருக்கும் பிள்ளைக்கு வாடிக்கையாளர் காட்டும் போன் திரையின் படத்தைத் தவிர வேறு சான்றில்லை. ஒவ்வொரு தரமும் முதலாளிக்கு அழைத்துக் கேட்க வெட்கப்பட்டு, ஸ்கிரீன்ஷொட்டைப் பார்த்துத் தலையாட்டிவிடுவார்கள்.

குறைந்த தொகையில் 9,200 ரூபா தொலையவே இல்லை. கொரோனாக் காலத்தில் கடைக்காரர் தன் சொந்தச் சேமிப்புக் கணக்கிலக்கத்தை அட்டைப்பெட்டித் துண்டில் எழுதி மேசையில் தொங்கவிட்டிருந்தார். அது இன்னும் தொங்கியது. நான்கு பேர் அதற்கு அனுப்பியிருந்தார்கள். மீதி 14,250 ரூபாயில் ஒருவருடையது உண்மையிலேயே தோல்வியடைந்த கொடுப்பனவு. சொன்னதும் 3,150 ரூபாவைக் கொண்டுவந்து கட்டினார். 11,100 ரூபா பழைய திகதிப் படமும் தொகை மாற்றிய படமும். கேமராப் பதிவு அதற்குள் அழிந்திருந்ததால் ஆள் பிடிபடவில்லை.

எடுத்த முடிவுகள், ஏன்

இயந்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை என்பது முதல் முடிவு. 2.5 சதவீதம் சிறிய கட்டணம் என்று யாரும் சொல்லவில்லை. பருப்பிலும் சீனியிலும் கிடைக்கும் இலாபத்தில் அது நோகும். ஆனால் எதிர்ப்பக்கத்தில் கடன் கொப்பி இருக்கிறது. கொப்பியில் எழுதிய 10,000 ரூபா அறுவடை வரை இரண்டு, மூன்று மாதம் நிற்கும், சிலது நிற்காமலே போகும். கடன் அட்டையில் அடித்த 10,000 ரூபா அடுத்த வேலை நாளில் 9,750 ரூபாவாகக் கைக்கு வரும். சம்பளக்காரரில் சிலர் கொப்பியை விட்டு அட்டைக்கு மாறியதே கடைக்குப் பெரிய இலாபம். படுவான்கரை வேளாண்மைக்காரருக்கு இது பொருந்தாது. அவர்கள் கொப்பி அப்படியே இருக்கட்டும் என்று விட்டதும் சரியான முடிவே.

அட்டைக்காரரிடம் மூன்று சதவீதம் கூட்டி வாங்கும் எண்ணம் கைவிடப்பட்டது. அது வங்கியோடு செய்த ஒப்பந்தத்தை மீறுவது என்று மத்திய வங்கியே பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறது. யாராவது முறையிட்டால் இயந்திரமே போய்விடும். வரிப் பயமும் பேசப்பட்டது. 2024 ஜனவரியில் வற் எனும் பெறுமதி சேர் வரிக்கான பதிவு எல்லை ஆண்டுக்கு 60 மில்லியன் ரூபாவாக ஆகியிருந்தது. கடையின் ஆண்டு விற்பனை 42 மில்லியனுக்குக் கிட்ட. அந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டிய பின் பயம் குறைந்தது, முற்றாகப் போகவில்லை.

நாள்முடிப்பு இரவு 8.40க்குக் கையால் செய்யப்படும் என்று வைத்தார்கள். அது தவறினால் பிடிக்க, தானியங்கி நேரத்தை வங்கியிடம் சொல்லி 11.00இல் இருந்து 8.55க்கு மாற்றினார்கள், ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்த வேலை. செய்யும் ஒழுங்கு இது: 8.40க்குப் பிறகு அட்டை அடிப்பதில்லை. முதலில் இயந்திரத்தின் விபரப் பட்டியலை அச்சிட்டு, கையில் உள்ள கடைப் பிரதிகளின், அதாவது ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் இயந்திரம் கடைக்கென அச்சிடும் சீட்டுகளின், எண்ணிக்கையோடு ஒப்பிடுவது. எண்ணிக்கை சரியென்றால்தான் நாள்முடிப்பு. முடித்த பின் ஒரு கொடுப்பனவை 'வொய்ட்' செய்ய முடியாது, பணமீளளிப்பாகத்தான் போகும், அதற்கு வங்கியின் அனுமதியும் நாட்களும் தேவை. ஆகவே பிழை இருந்தால் நாள்முடிப்புக்கு முன்பே பிடிக்க வேண்டும். சீட்டில் 'வெற்றி' என்ற சொல்லும் கட்டு இலக்கமும் வந்ததைப் பார்த்த பிறகே இயந்திரத்தை அணைப்பது.

ஒரு கொப்பி, நாளுக்கு ஒரு வரி: திகதி, கட்டு இலக்கம், கட்டுத் தொகை, வரவேண்டிய தொகை, வந்த திகதி, வந்த தொகை. கடைசி இரண்டு கட்டமும் வெறுமையாக இருக்கும் வரிகள்தான் வங்கியில் இருந்து வரவேண்டியவை. காசோலை எழுதுமுன் அந்த வெறுமைகளையும் போயா நாட்களையும் பார்ப்பது என்று கடைக்காரர் ஏற்றுக்கொண்டார். கணினியில் செய்யலாமே என்று மருமகன் சொன்னார். கொப்பி மேசையிலேயே கிடப்பதால் யார் முறையில் இருந்தாலும் எழுதுவார்கள் என்பதால் கொப்பிதான் வென்றது.

இயந்திரம் முன்வாசல் பக்கம் மாற்றப்பட்டது. அங்கே அலைவரிசை மூன்று கோடு. தொடர்புப் பிழைக்கு ஒரே விதி: அனுமதி இலக்கம் அச்சான கடைப் பிரதி கையில் இல்லாவிட்டால் சாமான் போகாது, வாடிக்கையாளரின் குறுஞ்செய்தி சான்றல்ல. இதைச் சொல்வது கடினம், அதனால் சொல்ல வேண்டியதையும் எழுதிக் கொடுத்தார்கள்: "அண்ணன், காசு எங்களுக்கு வந்து சேரல்ல, உங்கட கணக்குக்கே திரும்பும். திரும்பாட்டி இந்தப் பிழைச் சிட்டையக் கொண்டு உங்கட வங்கியில காட்டுங்க." பிழைச் சீட்டை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட்டால் வாக்குவாதம் பாதியாகக் குறைகிறது.

கடைப் பிரதிகள் சூட்டில் எழுத்து வரும் தாள். மட்டக்களப்பு வெயிலில் யன்னலோரத் தகரப் பேணிக்குள் வைத்தால் ஒரு மாதத்தில் எழுத்து மங்கும், சிலது முழுதும் கறுக்கும். பிளாஸ்டிக் உறையும் எழுத்தைத் தின்னும். அன்றைய பிரதிகளை வரிசையாக அடுக்கிப் போனில் படமெடுத்து, மூலத்தைத் திகதியிட்ட கடதாசி உறையில் நிழலான அலுமாரியில் வைப்பது என்றாயிற்று.

கியூஆருக்கு மலிவான போன் ஒன்று வாங்கி, வங்கியின் வணிகச் செயலியில் காசாளருக்கான நுழைவு எடுத்து, மேசையிலேயே வைத்தார்கள். ஸ்கிரீன்ஷொட்டை நன்றாகப் பார்க்கப் பழக்குவது என்ற யோசனையும் வந்தது. அது வேண்டாம் என்று தீர்மானித்தது நல்லது. படத்தை எப்படிப் பார்த்தாலும் படம்தான். கடையின் போனில் ஒலித்ததா இல்லையா என்பது மட்டுமே கேள்வி. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பில்லுக்கு ஸ்டிக்கரை விட்டுவிட்டு, புதிய இயந்திரத்தின் திரையில் தொகையோடு வரும் கியூஆரைக் காட்டுவது என்றும் வைத்தார்கள். ஸ்டிக்கரில் தொகையை வாடிக்கையாளரே தட்டச்சிடுகிறார். 2,450க்கு 245 அடிப்பது எப்போதும் மோசடியல்ல, அவசரமும்தான். இரண்டு வகைக் குறியீட்டுக்குள்ளும் கடையின் பெயர் இருக்கும். இந்தப் பெயரைத்தான் காலையில் கடை திறந்ததும் ஒரு பிள்ளை தன் போனால் வாசித்துப் பார்ப்பது: நம் ஸ்டிக்கருக்கு மேல் வேறொருவரின் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தால் அங்கே வேறு பெயர் வரும். அட்டைப்பெட்டித் துண்டு குப்பைக்குப் போனது.

தவறான முடிவொன்றும் உண்டு. கடைக்காரர் 11,100 ரூபாவை மூன்று காசாளர்களின் ஜூன் சம்பளத்தில் பிரித்துக் கழித்தார். வீட்டாரும் கணக்குப் பார்க்கும் மருமகனும் எதிர்த்தும் கேட்கவில்லை. அறிவித்தல் வராத மேசையில் அவர்களை இருத்தியது கடை. ஒருத்தி அடுத்த மாதமே நின்றுவிட்டாள். அவள்தான் காலையில் சொல்லாமலே கட்டை முடித்துவந்தவள்.

பின்னர் நடந்தது

ஏப்ரல் கட்டுக்காக வங்கியின் வணிகர் பிரிவுக்கு எழுத்தில் கோரிக்கை கொடுக்கப்பட்டது. பழைய இயந்திரத்தின் நினைவு ஏற்கெனவே துடைக்கப்பட்டிருந்தது. ஆனால் அனுமதி இலக்கமும், அட்டையின் கடைசி நான்கு இலக்கமும், திகதியும் வாசிக்கக்கூடிய கடைப் பிரதிகளைக் கொடுத்தால் கையால் சமர்ப்பிக்கலாம் என்றார்கள். 71,900 ரூபாய்க்கான பிரதிகள் தெளிவாக இருந்தன. கட்டணம் போக 70,102 ரூபா 50 சதம் ஜூலை நடுவில் வந்தது. 24,500 ரூபாய்க்கான பிரதிகள் மங்கிப்போயிருந்தன.

தொடர்புப் பிழையில் சாமான் கொண்டுபோன ஐவரில் மூவர் தெரிந்தவர்கள். கணக்குக் கூற்றைப் பார்த்து, காசு திரும்பியிருப்பதைக் கண்டு, 11,200 ரூபாவைக் கட்டினார்கள். 7,650 ரூபா வரவில்லை.

ஜூலையில் கட்டணம் தவிர்ந்த இடைவெளி 4,300 ரூபா, ஓகஸ்டில் 900, ஒக்டோபரில் பூச்சியம். ஜூலை இடைவெளி, புதிதாக வந்த காசாளர் நாள்முடிப்புக்குப் பின் அடித்த ஒரு பில். அது அடுத்த கட்டில் வந்து சேர்ந்தது. அட்டையின் பங்கு, மார்ச்–மே காலத்தில் விற்பனையின் 17 சதவீதமாக இருந்தது, ஒக்டோபரில் 24 சதவீதம். கியூஆர் 3இல் இருந்து 7 சதவீதம். சில்லறைப் பிரச்சினை தீரவில்லை, ஆனால் காலை பத்து மணிக்கு வருவது பின்னேரத்துக்குத் தள்ளிப்போனது.

எதிர்பாராத பயன் கொள்வனவில் வந்தது. அட்டையும் கியூஆரும் விழும் நடைமுறைக் கணக்கை வேறெதற்கும் பாவிக்காமல் ஒதுக்கியதால், அதில் இருந்தே விநியோகத்தருக்கு உடன் பரிமாற்றம் செய்ய முடிந்தது. கல்முனைக்குக் காசுக் கட்டோடு பஸ்ஸில் போவது நின்றது. காசோலைக்குப் பதில் உடனே காசு கிடைப்பதால் இரண்டு விநியோகத்தர் சிறு தள்ளுபடி தரத் தொடங்கினர். 2.5 சதவீதத்தை முழுதும் அது ஈடுசெய்யவில்லை, ஓரளவு செய்தது.

நவம்பர் கடைசி வார வெள்ளத்தில் மின்சாரம் போனபோது இயந்திரத்தின் பற்றரி முதல் நாள் முழுதும் தாங்கியது. இரண்டாம் நாள் அலைவரிசைக் கோபுரமே நின்றதால் அட்டையும் இல்லை, கியூஆரும் இல்லை. அன்று கடை ஓடியது கடன் கொப்பியில்.

மறுபடி செய்வதானால்

இயந்திரம் வரும் நாளில் கொண்டுவருபவரை உட்காரவைத்து, அவர் கண்ணெதிரே ஒரு 10 ரூபாக் கொடுப்பனவு, ஒரு வொய்ட், ஒரு நாள்முடிப்பு ஆகிய மூன்றையும் காசாளர்களே செய்து பார்க்க வேண்டும். தானியங்கி நேரம் என்ன, அந்நேரம் கடையில் மின்சாரம் இருக்குமா என்ற கேள்வி அன்றே வரவேண்டியது. மாதத்துக்கு இவ்வளவு அடிக்காவிட்டால் வாடகை அறவிடப்படுமா என்பதையும் ஒப்பந்தத்தில் அன்றே பார்க்கலாம். இந்தக் கடை அதை ஓகஸ்டில்தான் வாசித்தது.

இயந்திரம் மாற்றும் நாள் மிக ஆபத்தான நாள். பழையது எழும்பாவிட்டால் கையொப்பமிடும் படிவத்திலேயே 'முடிக்காத கட்டு உள்ளது' என்று திகதியோடு எழுதி, அதன் படத்தை எடுத்துக்கொண்டு, அதே நாள் பிரதிகளை வங்கிக்குக் கொடுத்திருந்தால் 96,400 ரூபாயும் ஏப்ரலிலேயே வந்திருக்கும்.

கேமராப் பதிவு வைத்திருக்கும் நாட்களைக் கூட்டியிருக்கலாம். காசாளரின் சம்பளத்தில் கை வைத்திருக்கக் கூடாது. அந்தத் தொகையைக் கடைக்காரர் தைப்பொங்கலுக்கு இருவருக்குத் திருப்பிக் கொடுத்தார். நின்றுபோனவளுக்கு வீட்டுக்கு அனுப்பினார், அவள் வாங்கவில்லை.

மங்கிய பிரதிகளின் 24,500 ரூபாய்க்காகப் பில் கணினியில் அந்த ஆறு நாளின் அட்டைப் பில்களை எடுத்து, யார் யார் என்று நினைவில் தேடினார்கள். பாடசாலை ஆசிரியர் இருவர் தங்கள் ஏப்ரல் கூற்றைப் பார்த்துவிட்டுத் தாமாகவே 6,350 ரூபா கட்டினார்கள். 18,150 ரூபா ஆண்டுக் கணக்கில் நட்டமாக எழுதப்பட்டது.